சர்வரை ‘அவுக’ என்றவர்

கம்ப்யூட்டரைத் தட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துவிட்டு மறுநாளே உதைத்தவரையும் பார்த்திருக்கிறேன். வருஷம் முழுக்க அதற்கு மரியாதை கொடுத்துப் பேசிய மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். தேனியில் எங்கள் ஆபீஸில், எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் வாங்கி வந்த வரம் அப்படி.

அவருக்குப் பெயர் என்று ஒன்று உண்டு. ஆனால் எங்களுக்கு அவர் ‘அவுக அண்ணே’. கடமலைக்குண்டுக்காரர், ஐம்பத்திரண்டு வயது. குமுளிப் பக்கத்து ஏலக்காய் வியாபாரிகள் விலை பார்க்கிற ஒரு அப்ளிகேஷன் இருந்தது. அது ஓடுகிற சர்வர்கள் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆபீஸில் எங்கள் ஐந்து பேருக்கும் பிழைப்பு. சர்வர் நின்றால் நாங்கள் “டவுன்” என்போம். அவர் “படுத்துட்டாக” என்பார். திரும்ப ஓடினால் “எந்திரிச்சிட்டாக”. கொஞ்சம் மெதுவாக ஓடினால் போதும், “இன்னைக்கு அவுகளுக்கு மேலுக்கு முடியலத்தா, ரொம்ப நெருக்காத” என்று என்னை அதட்டுவார். என்னமோ நான் மாமியாரைக் கொடுமைப்படுத்துகிற மாதிரி!

ஒருநாள் மலையாள வியாபாரி ஒருவர் போன் போட்டு, “சேட்டா, சர்வர் எந்தாயி?” என்று, என்ன ஆயிற்று என விசாரித்தார். இவர், “வந்துக்கிட்டே இருக்காக சேட்டா, அஞ்சு நிமிசம்” என்றார். பாவம் அந்த மனிதர், யாரோ பெரிய ஆபீசர் ஜீப்பில் வருகிறார் என்று மத்தியானம் வரை வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாராம்.

இதெல்லாம் சில்லறை. எங்களிடம் இருந்ததிலேயே பழைய சர்வருக்கு அவர் வைத்த பெயர் ‘பெரியவுக’. எங்கள் முதலாளியின் அப்பாவையும் ஆபீஸில் எல்லோரும் பெரியவுக என்றுதான் சொல்வோம். முதலாளி குமுளியில் இருந்த ஒருநாள் காலை, அண்ணன் வாட்ஸப்பில் ஒரு செய்தி போட்டார்: “பெரியவுக படுத்துட்டாக. மூச்சுப் பேச்சு இல்ல. நம்ம கையில ஒண்ணும் இல்ல. சீக்கிரம் வாங்க.”

முதலாளி அலறியடித்துக்கொண்டு மலையிறங்கினார். வழியிலேயே சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போய்விட்டது. அவர் வீட்டுக்கு முன்னால் வேன் வந்து நின்றபோது, அவருடைய அப்பா வாசலில் இடியாப்பம் தின்றுகொண்டிருந்தார். வேனிலிருந்து மாலையோடு இறங்கியவர்களைப் பார்த்து, “யாருக்குடா இது?” என்று கேட்டார். வாங்கிய மாலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஆபீஸுக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணன் வாசலிலேயே கையை விரித்து மறித்தார். “எந்திரிச்சுப் பத்து நிமிசமாச்சு! உசுரோட இருக்கவுகளுக்கு எதுக்கு இந்த மால?” முதலாளி அன்றைக்கு அவரை அடிக்காமல் விட்டது நாங்கள் நாலு பேர் குறுக்கே நின்றதால்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இடி விழுந்தது. வேலையெல்லாம் கிளவுடுக்கு, அதாவது எங்கோ இருந்து இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கிற சர்வர்களுக்குப் போகிறதாம். பழைய சர்வர்களுக்கு விடை கொடுத்தாயிற்று. ஆறு வாரப் பயிற்சி, முடிவில் செய்முறைத் தேர்வு. தேறுகிறவர்களுக்கு வேலை, தேறாதவர்கள் வீட்டுக்கு. எனக்காவது வயது இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில் அண்ணனை யார் கூப்பிட்டு நாற்காலி போடப்போகிறார்கள்? அவருக்கும் அது தெரியும். ஒரு நோட்டு முழுக்கக் கமாண்டுகளாக எழுதி, கடமலைக்குண்டு பஸ்ஸில் சத்தமாகப் படித்தபடி வருவார். கண்டக்டருக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

பயிற்சியாளர் பெங்களூரிலிருந்து திரையில் வந்தார். சேலத்துப் பையன். முதல் நாளே சொன்னார்: “இனிமே சர்வரை வைத்தியம் பார்த்து உட்காரக் கூடாது சார். கெட்டுப்போச்சா, அழிச்சிடுங்க. அதே மாதிரி புதுசு ஒண்ணு உண்டாக்குங்க.”

அண்ணன் எழுந்து நின்றார். “தம்பி, அழிக்கிறதுக்கு முன்னாடி என்னாச்சுன்னு ஒரு வார்த்த கேக்கலாமா?”

“வேண்டாம் சார்.”

“ஒப்பாரியாவது?”

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தேர்வு நாள். ஆளுக்கு ஒரு சர்வரை உருவாக்கி, நமக்குப் பிடித்த பெயர் வைத்து, அப்ளிகேஷனை ஓடவிட வேண்டும். அதைப் பயிற்சியாளர் அங்கிருந்தே கெடுத்துவிடுவார். நாம் அழித்துவிட்டுப் புதிதாகக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேரம். நாங்கள் நாலு பேரும் அரை மணியில் முடித்தோம். அண்ணன் மட்டும் சர்வர் தானே எழுதிவைக்கிற லாக் பதிவை வரிவரியாகப் படித்து, கோளாறைக் கண்டுபிடித்து, சரிசெய்து, “எந்திரிச்சிட்டாக!” என்று கையைத் தூக்கினார்.

“சபாஷ் சார்,” என்றது திரை. “ஆனா அதுக்கு மார்க் இல்ல. அழிச்சிட்டுப் புதுசு கொண்டுவாங்க.”

“நல்லாத்தான இருக்காக தம்பி!”

“இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு சார்.”

அண்ணன் விரலைக் கொண்டுபோவதும் எடுப்பதுமாக இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, வேல போயிரும்ணே! அழிச்சுத் தொலைங்க!” என்று கத்தினேன்.

“அழிக்கணும்னா பேர டைப் பண்ணச் சொல்லுதுத்தா.”

“பண்ண வேண்டியதுதான?”

“ஒம் பேரத்தான் வச்சிருக்கேன்.”

எட்டிப் பார்த்தேன். ‘rosy’ என்று இருந்தது.

“ஏண்ணே, ஒங்களுக்கு வேற பேரே கெடைக்கலயா?”

“நாள் பூரா கத்தும், ஆனா வேலய முடிச்சிரும். அதான் வச்சேன்.”

“எனக்கு ஒரு மரியாதையும் இல்ல, எம் பேரு வச்ச மிஷினுக்கு ‘இருக்காக’ளா?” என்று சண்டை போட்டேன். சண்டை போடாவிட்டால் அழுதிருப்பேன். “நாந்தான் சொல்றேன்ல? இங்கன உயிரோடதான நிக்கேன்! அடிங்கண்ணே!”

அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். மூன்றாவது எழுத்தில் நிறுத்தி, “கோவிச்சுக்கிற மாட்டீல்ல?” என்று கேட்டார். நான் மேஜையை ஓங்கி அடித்தேன். நாலாவது எழுத்தும் விழுந்தது. புதிய சர்வர் ஓடத் தொடங்கியபோது இரண்டு நிமிஷம் மிச்சம்.

சாயங்காலம் முடிவுப் பட்டியல் திரையில் வந்தது. நான் பாய்ந்து போய் மேலிருந்து கீழே தேடினேன். அவர் பெயர் இருந்தது. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். என் பெயரைப் பார்க்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அண்ணன்தான் திரையில் விரல் வைத்து, “நீயும் இருக்கத்தா” என்று காட்டினார்.