அப்பாவைப் படமாக்கிய ஞாயிற்றுக்கிழமை

வேலை போன மறுநாளே ‘சுதந்திர ஓவியர்’ என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டவள் நான். நூறில் தொண்ணூற்றொன்பது இன்னும் பத்திரமாக இருக்கின்றன. (ஒன்று, டைனிங் டேபிள் ஆடாமலிருக்க அதன் காலடியில்.)

சென்னைப் பத்திரிகை ஆட்குறைப்பில் ஓவியப் பிரிவையே மூடியதும், பெங்காலிகள் சூழ்ந்த பெஹாலாவில் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினேன். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அப்பா கெடு வைத்தார்: “பூஜைக்குள்ள ஒரு வேலையாவது வரணும். இல்லேன்னா அத்திம்பேர் ஆபீஸ்ல டேட்டா என்ட்ரி.”

வந்தது. தெரு கிளப்பின் துர்கா பூஜைக்குச் சுவரொட்டி. செயலாளர் கீழ்வீட்டு கோஷ் காக்கு. (பெங்காலியில் மாமாக்களெல்லாம் காக்கு.) ஞாயிறு காலை பத்து மணிக்கு ஸ்கெட்ச்சைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் போன வருஷத்துப் படமே போதும் என்றிருந்தார்.

அசுரனின் முகம் மட்டும் வரவில்லை. ஒன்பதரைக்கு அப்பாவைத் தரையில் படுக்கவைத்தேன். மீசை ஏற்கெனவே இருந்தது. அம்மா ஒட்டடைக் கம்பை அவர் மார்பில் ஊன்றி, ஒரு காலைத் தொப்பையில் வைத்தாள்.

“ஏன்னா, கொஞ்சம் அலறுங்கோளேன். குழந்தை வரையணுமோல்லியோ?”

“நெஜமாவே அழுத்தறேடி!”

“முப்பத்தஞ்சு வருஷமா சந்தர்ப்பமே கெடைக்கலே.”

அப்பா அலறினார். (நடிப்பில்லை.) கதவு திறந்திருந்தது. காக்கு பத்து நிமிடம் முன்னதாகவே வந்து வாசலில் நின்றிருந்தார்.

“கீ ஹொச்சே?” என்ன நடக்கிறது என்கிறார்.

சின்ன வயதோடு விட்டுப்போன பெங்காலியைத் தேடிப்பிடித்துச் சொன்னேன்: “பாபாகே சோபி கோரே திச்சி, காக்கு!”

சோபி என்றால் படம். அப்பாவைப் படம் வரைகிறேன் என்று சொன்னதாகவே நினைத்தேன். ஆனால் அந்த ஊர்ப் பேச்சில் ஒருவரை ‘சோபி’ ஆக்குவதென்றால், தீர்த்துக்கட்டி, மாலை போட்டுச் சுவரில் மாட்டுவது.

காக்கு அம்மாவின் கம்பைப் பார்த்தார். ஓடினார். ஐந்தே நிமிடத்தில், கேரம் ஆடிக்கொண்டிருந்த கிளப் முழுவதும் எங்கள் ஹாலில். முட்டி பிடித்துக்கொண்டதால் அப்பா தரையிலேயே கிடந்தார். படுத்தபடியே கையை உயர்த்தி, தான் உயிரோடு இருப்பதை உறுதி செய்தார். (பென்ஷனுக்காக வருஷா வருஷம் செய்து பழகியதுதான்.)

அதற்குள் அசுரனுக்கு முகம் வரைந்து முடித்திருந்த ஸ்கெட்ச்சை நீட்டினேன். காக்கு அதையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தாருண்!” என்றார். பிரமாதமாம். “பயம் அப்படியே வந்திருக்கு!”

அத்திம்பேர் தப்பித்தார். அந்தப் பூஜை முழுக்க, தெருமுனையில் எட்டடி உயரத்துக்கு அப்பா செத்துக்கொண்டிருந்தார். காய்கறிக்காரர் இன்றும் ‘அசுர் பாபு’ என்றுதான் கூப்பிடுகிறார். அப்பா மறுப்பதில்லை, கொத்தமல்லி கொசுறாகக் கிடைக்கிறது.

வீட்டில்தான் சலுகையே கிடையாது. சாம்பாரில் உப்பில்லை என்று அவர் முகம் சுளித்தால் போதும், அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வரும்:

“ஏன்னா, சோபி பண்ணிடட்டுமா?”