நங்கூரம் எழுந்தது, நெத்திலி காய்ந்தது

சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து திரும்பியதும், நெற்றிச் சாம்பலைத் துடைக்காமலே ஒரு சபதம் செய்தேன். எங்கள் வீட்டு மொட்டை மாடியை உயிருள்ளவரை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மனிதன் மண்ணாய்ப் போவான் என்று சாமியார் நினைவூட்டி அனுப்பிய நாளில் போய் சபதம் செய்திருக்கக் கூடாது. இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய?

என் பெயர் மத்தியாஸ். அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் சரக்குக் கொட்டகையில் வேலை. அது வயிற்றுக்காக. மற்றபடி நான் ஒரு ராக் பாடகன். சிரிக்காதீர்கள். அதற்கு என் மனைவி சூசைமேரி இருக்கிறாள்.

ஒரு காலத்தில் போர்ட் பிளேரில் 'நங்கூரம்' இசைக்குழு என்றால் தெரியாத ஆள் கிடையாது. பாட்டும் கிட்டாரும் நான். டிரம்ஸ் மின்சாரத் துறை ராஜமாணிக்கம். பேஸ் கிட்டார் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்த ஈஸ்வரன். நாங்கள் மேடையேறினால் பெங்காலி, தெலுங்கர், மலையாளி எல்லோரும் பாஷை புரியாமலே ஆடுவார்கள். பாஷை புரிந்த தமிழர்கள்தான் கொஞ்சம் யோசித்து ஆடுவார்கள். பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. ராஜமாணிக்கத்துக்கு ஆனது. ஈஸ்வரனுக்கும் ஆனது. குழு கலைந்ததற்கு வேறு காரணம் வேண்டுமா?

போன வருஷம் ராஜமாணிக்கம் ஓய்வு பெற்றான். வீட்டில் சும்மா இருந்தால் காய்கறி நறுக்கச் சொல்கிறார்கள் என்று என்னிடம் வந்து அழுதான். அந்தக் கண்ணீரில் பிறந்ததுதான் எங்கள் மறுவருகை ஆல்பம். பெயர் 'எழுந்த நங்கூரம்'. டெய்ரி ஃபார்ம் பகுதியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்தோம். கூரையில் மழை விழுந்த சத்தமும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதைத் தன் டிரம்ஸ் என்று ராஜமாணிக்கம் இன்றுவரை சொல்லிக்கொள்கிறான்.

எல்லாம் சரியாகத்தான் போனது. சூசைமேரிக்கு மாடி தேவைப்படும்வரை.

அவள் எங்கள் பகுதி மகளிர் குழுவின் தலைவி. குழுவுக்குத் தொழில் கருவாடு. நெத்திலி காய வெயில் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் தடையில்லாத வெயில் விழுவது எங்கள் மாடியில்தான். தகரக் கூரை போக மீதியிருந்த வெயிலில் எங்கள் ஒலிபெருக்கிகள் நின்றன.

"இஞ்சேருங்க, மேல கெடக்க அண்டா குண்டாவ எப்ப எறக்குவிய?" என்றாள்.

"அது அண்டா இல்ல மேரி. டிரம்ஸ்."

"அடிச்சா அண்டா சத்தந்தான வருது? குழுவுல பொம்பளையளுவ நெத்திலிய வச்சிக்கிட்டு எடம் தேடுதாளுவ. மே மாசம் மழை புடிச்சிரும்."

"ஆல்பம் வெளிய வருது. இந்த நேரத்துல பயிற்சிய விட்டா எங்க ரசிகர்கள் என்ன நெனப்பாங்க?"

"யாரு?"

"ரசிகர்கள்."

"இன்னும் உசுரோட இருக்காவளா?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கலைஞனால் பதில் சொல்ல முடியும்? முறைத்தேன். அவள் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே பேசினாள்.

"சரி, சண்ட வேண்டாம். ஈஸ்டர் வரைக்கும் பாப்போம். ஒங்க பாட்ட டெய்லி கேக்க ஆளு இருந்தா மாடி ஒங்களுக்கு. இல்லன்னா நெத்திலிக்கு. டீக் ஹை?"

"டீக் ஹை!" என்றேன். என் குரல் உச்ச ஸ்தாயியில் போய் உடைந்தது. ராக் பாடகனுக்கு அது சகஜம்.

வெளியீட்டு விழா ஹேடோவில் ஒரு மண்டபத்தில். உண்மையைச் சொல்கிறேன், கூட்டம் வந்தது. வழுக்கை விழுந்த பழைய ரசிகர்கள், அவர்களைத் தனியாக அனுப்பப் பயந்து கூடவே வந்த மனைவிமார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் பாட்டு 'எரிகிறேன்'. நான் வாயைத் திறந்து "எரிகிறே..." என்று இழுத்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்று கத்தினார்.

"மெயின்லேண்டு கப்பல் வந்தாச்சு! தக்காளி எறங்குது!"

தீவில் வாழ்ந்தவர்களுக்குத்தான் இது புரியும். கடல் கொந்தளிப்பில் சரக்குக் கப்பல் வராமல் ஊரே புளியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த நேரம். நான் "...ன்" சொல்லி முடிப்பதற்குள் மண்டபம் காலி. திரும்பிப் பார்த்தேன். டிரம்ஸில் ராஜமாணிக்கத்தையும் காணவில்லை. அவன் மனைவி போன் செய்திருக்கிறாள். ஈஸ்வரன் மட்டும் நின்றான். அவனுக்கு முட்டிவலி, ஓட முடியாது.

ரசிகர்களின் விமர்சனங்கள் அடுத்தடுத்த நாட்களில் வந்தன. எங்கள் ரசிகர் மன்றத்தின் முன்னாள் தலைவர், பாட்டு பிரமாதம், ஆனால் டாக்டர் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றார். கட்சாலிலிருந்து ஒரு ரசிகர், நெட் சுற்றிக்கொண்டே இருப்பதாகவும், இதுவரை வந்த முதல் வரி அருமையாக இருப்பதாகவும் எழுதினார். என் கொட்டகை மேலாளர் பெங்காலி. அவர் என் தோளில் கை வைத்து, "மத்தியாஸ், கர் மே சப் டீக் ஹை?" என்று கேட்டார். பாட்டைக் கேட்டுவிட்டு வீட்டில் எல்லோரும் சுகமா என்று ஒருவர் விசாரித்தால், அந்தப் பாட்டின் நிலைமை என்னவென்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று காட்டும் செயலி ஒன்றை ஈஸ்வரனின் மகள் என் போனில் போட்டுத் தந்திருந்தாள். தினமும் திறந்து பார்ப்பேன். கேட்டவர் ஒருவர் என்று காட்டும். அது நான்.

படுத்தால் தூக்கம் வரவில்லை. மாடி போவது கூடப் பரவாயில்லை. இத்தனை வருஷம் மூட்டை எண்ணியதெல்லாம் சும்மா, நான் உண்மையில் வேறு ஆள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அந்த ஆளும் இல்லை என்றால் பிறகு மூட்டைதான் மிச்சம்.

அப்போதுதான் அற்புதம் நடந்தது. எண்ணிக்கை ஏற ஆரம்பித்தது! எல்லாம் போர்ட் பிளேரிலேயே! காலையில் வெயில் ஏறும்போது ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓடும். ஒரு பாட்டு விடாமல், முழு ஆல்பமும், திரும்பத் திரும்ப. மேகம் மூடிய நாளில் மட்டும் கொஞ்சம் சரியும். மழை நாளில் மனசு மெல்லிசை தேடும், இயல்புதானே! ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக நின்றுவிடும். என் ரசிகர்கள் தெய்வபக்தி உள்ளவர்கள் என்று ராஜமாணிக்கத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

சூசைமேரியிடம் போனை நீட்டினேன்.

"பாத்தியா?"

"நெறைய இருக்கே!" என்று கன்னத்தில் கை வைத்தாள். "யாரு பெத்த புள்ளையளோ! ஒருத்தரையாவது கூட்டிட்டு வாங்க. கையால சோறு போடுதேன்."

அவள் குரலில் கேலி இல்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் டெய்ரி ஃபார்ம் ஏற்றத்தில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். எங்கிருந்தோ என் குரல். "எரிகிறேன்! எரிகிறேன்!" உடம்பெல்லாம் சிலிர்த்தது. சத்தம் வந்த வீட்டைக் கண்டுபிடித்து, வெளிப்படிக்கட்டில் ஓடி மாடியேறினேன்.

மாடி முழுக்க வலை விரித்து நெத்திலி. நடுவில் ஸ்டூல் மேல் ஒரு ஸ்பீக்கர். நிழலில் விஜயலட்சுமி. மதுரையிலிருந்து கணவருக்கு மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. என் மனைவியின் குழுவில் சேர்ந்தவள்.

"வாங்கண்ணே! மேரியக்கா அனுப்புனாங்களா?"

"இல்லம்மா, பாட்டு கேட்டுச்சு..."

"நல்லாருக்குல்ல?"

"உனக்குப் பிடிச்சிருக்கா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? இது மட்டும் இல்லேன்னா எங்க நெலம என்னாகிருக்கும்!"

இதைவிட என்ன விருது வேண்டும்? கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டேன். "இதுல எந்தப் பாட்டும்மா ரொம்பப் பிடிக்கும்?"

"நாலாவதுண்ணே. அதுல ஒருத்தன் கழுத்த நெரிச்ச மாதிரி கத்துறான் பாருங்க, அதக் கேட்டா காக்கா என்ன, பருந்தே திரும்பிப் பாக்காமப் போயிருது! காக்கா வெரட்டுறதுக்குன்னே மெயின்லேண்டுல செஞ்சதாமே. மேரியக்காதான் எல்லாருக்கும் போன்ல போட்டுக் குடுத்தாங்க. அவங்க வீட்டுல யாரோ இதப் போட்டப்ப மரத்துல ஒரு காக்கா பாக்கியில்லாமப் பறந்துருச்சாம். அதப் பாத்துத்தான் யோசனையே வந்துச்சாம். இப்ப குழுவுல எல்லா மாடிலயும் இதான் ஓடுது."

வானத்தைப் பார்த்தேன். துப்புரவாக இருந்தது.

அந்தக் கழுத்து நெரிபட்டவன் நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நெத்திலி நன்றாகக் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரக் கூட்டம் போட்டோம். ராஜமாணிக்கம் தலையில் கை வைத்துக்கொண்டான். ஈஸ்வரன்தான் தெளிவாகப் பேசினான். இலங்கைத் தோட்டத்திலிருந்து கட்சாலுக்கு வந்த குடும்பம், எதற்கும் அசரமாட்டான்.

"எதுக்கு அழுறீங்க? காக்கா ஓடுனா நமக்கென்ன, நம்பர் ஓடுதுதானே? கேட்டது காக்கான்னு அதுல போட்டிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் என்ன! நீங்க அந்த மாடிக்குப் போகவே இல்ல. மேரிக்கிட்ட நம்பர காட்டுங்க, மாடிய வாங்குங்க."

அதுதான் எங்கள் திட்டம். ஈஸ்டரன்று பூசை முடிந்து, பிரியாணி முடிந்து, சூசைமேரி நல்ல மனநிலையில் இருக்கும்போது போனை நீட்டினேன். முகத்தில் வெற்றிவீரன் களை. கண்ணாடி பார்த்துப் பயிற்சி எடுத்திருந்தேன்.

"பாத்தியா மேரி? ஊரே கேக்குது."

கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். "நெசந்தான். ஜெயிச்சிட்டிய. மாடி ஒங்களுக்குத்தான்."

அவ்வளவு சுலபமாக! எனக்கே அவள்மேல் இரக்கம் வந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள். "இம்புட்டு சனம் ஒங்க பாட்டுக்கு ஏங்கும்போது நீங்க வேலைக்குப் போயி மூட்ட எண்ணுதது பாவம். லீவு நெறைய சேத்து வச்சிருக்கியள்லா? போடுங்க. காலைலருந்து பொழுது சாயிற வரைக்கும் மாடில பாடணும். மழை புடிக்கது வரைக்கும். என் தலைல அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க."

இப்படி ஒரு மனைவியா! இத்தனை காலம் இவளைப் புரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே! அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். லீவுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை மூவரும் மாடியேறினோம். ராஜமாணிக்கம் தலையில் சிவப்புத் துணி கட்டியிருந்தான். ஈஸ்வரன் முட்டிக்குத் தைலம் போட்டு வந்திருந்தான்.

மாடி முழுக்க நெத்திலி. மூலைக்கு மூலை வலை, வலை கொள்ளாமல் மீன். தகரக் கூரையைக் கழற்றி ஓரமாகச் சாய்த்திருந்தார்கள். நடுவில் ஒரு கட்டில் அளவு இடம். அங்கே டிரம்ஸும் மைக்கும் ஒலிபெருக்கிகளும்.

"மேரி!" என்று அலறினேன்.

கைப்பிடிச் சுவர்மேல் சாய்ந்துகொண்டு நின்றாள். "என்ன?"

"மாடி எனக்குன்னு சொன்னியே!"

"ஒங்களுக்குத்தான். யாரு இல்லன்னா? நெத்திலி என்ன பட்டாவா கேக்குது? ஓரமாக் கெடக்கும்."

"அதுக்கு இங்கதான் எடம் கெடச்சுதா?"

"பொறவு? மத்த மாடியில எல்லாம் ரெக்கார்டுன்னு கண்டுபுடிச்சிருச்சு, பாழாப்போன காக்கா. ஸ்பீக்கர் மேலயே வந்து குந்துது. ஆளு நின்னு நேர்ல கத்துனாத்தான் பயப்படும்."

"கத்துறதா? நான் கலைஞன், மேரி. என் ரசிகர்கள்..."

"விஜயலட்சுமி மாடிக்குப் போயி நெத்திலி நல்லாக் காஞ்சிருக்குன்னு சொன்னியளாமே?"

ஈஸ்வரன் திடீரென்று தன் கிட்டாரின் கம்பியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தான்.

"எல்லாந் தெரிஞ்சிக்கிட்டுத்தான நம்பரக் காட்டி ஜெயிச்சிய?" என்றாள். கோபமே இல்லை. "நானும் அதுக்காகத்தான் தோத்தேன். சல், சல். வெயில் ஏறுது. பாடுங்க."

அன்றிலிருந்து பாடுகிறேன். காலை முதல் சாயங்காலம்வரை. கீழே நிழலில் மகளிர் குழு பாட்டைப் பற்றி யோசனைகள் சொல்கிறது. நாலாவது பாட்டை மறுபடி போடச் சொல்கிறார்கள். மெல்லிசைப் பாட்டு வேண்டாம் என்கிறார்கள். அதைப் பாடினால் காக்காவுக்குப் பயம் விட்டுப்போகிறதாம்.

நேற்று மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ராஜமாணிக்கமும் ஈஸ்வரனும் டிரம்ஸ் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு அந்த மெல்லிசைப் பாட்டை எனக்காகப் பாடினேன். ஆல்பத்தில் என் மனசுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். பாதிப் பாட்டில் ஒரு காக்கா வந்து கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தது. நெத்திலியைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. சரணம் போனது. அது அசையவில்லை. கடைசி வரியைப் பாடி முடித்தேன். அப்போதும் போகாமல், இன்னொன்று பாடு என்பதுபோல் ஒருமுறை கரைந்தது.

"என்ன, சத்தத்தக் காணும்?" என்று கீழேயிருந்து சூசைமேரியின் குரல். "காக்கா வந்திருச்சா?"

ரசிகனைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி எறிந்தேன்.