பல் டாக்டர் வீடு பார்க்க வந்தார்

"இனி இந்த நாட்டுல ஒரு மாசம்கூட இருக்க மாட்டேன்!" என்று பூட்டுக்காரர் முழங்கியபோது நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். கீழே ஒரு பாம்பு அவருடைய கருவிப் பையிலிருந்து பாதி வெளியே வந்து, மீதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது. பையின் வார் என்று நினைத்து அதைப் பிடித்து இழுத்தவர் அவரேதான்.

மனைவி துடைப்பத்தோடு வந்தாள். "போ, போ. அவருக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றாள் பாம்பிடம். பாம்பு போயிற்று. கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரலுக்குப் பூட்டுக்காரரும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன பாம்பு அது?"

"நல்ல பாம்புங்க."

"அதுல நல்லது என்ன இருக்கு?"

"கடிக்கலையே."

ஊரில் அவர் கைக்கு அடங்காத பூட்டு கிடையாது. ஆனால் பூட்டெல்லாம் மனுஷனுக்குத்தானே? கூரை மேல் சிறுத்தை நடந்தது. பின்பக்க வாய்க்காலில் முதலை படுத்திருந்தது. போன மாதம் ஒரு கரடி, சமையலறை ஜன்னலைச் சட்டத்தோடு பெயர்த்தெடுத்துவிட்டு உள்ளே வந்து போனது. வாசற்கதவில் அவர் மாட்டியிருந்த ஏழு லீவர் பூட்டை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உயிர் பயத்தைவிட அந்த அவமானம்தான் அவரை அதிகம் அரித்தது.

மனைவியின் அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். அங்கே ஒரு பூட்டுக் கம்பெனியில் வேலை தயார். வீட்டை விற்றால் கிளம்ப வேண்டியதுதான். மனைவிக்கு மட்டும் மனசில்லை. பிறந்தது அதே தெரு, வாழ்க்கைப்பட்டதும் அதே தெரு. ஆனாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டுக்காரர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"மச்சான் நாட்டுல இருக்கறதிலேயே ஆபத்தான பிராணி புறாதானாம். அதுவும் தலைக்கு மேல பறந்தாத்தான். நாளைக்கு ஒரு பல் டாக்டர் வீடு பார்க்க வரார். முப்பது வருஷம் வெளிநாட்டுல இருந்துட்டு வந்தவர். பாம்பு, சிறுத்தை, முதலைன்னு உன் வாயில ஒரு வார்த்தை வரக் கூடாது."

"வராது."

"கரடி?"

"கரடி விடறது நீங்கதான். நான் விட்டதே இல்லை."

மறுநாள் பல் டாக்டர் வெள்ளை ஷூவும் தொப்பியுமாக வந்தார். கூடத்தைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து மூடினார். குழாயைத் திருகினார். எல்லாம் பிடித்திருந்தது.

"இங்கே மிருகத் தொல்லை உண்டோ?"

"சேச்சே! எறும்புகூடக் கதவைத் தட்டிட்டுத்தான் வரும்" என்றார் பூட்டுக்காரர்.

"ஆமாங்க" என்று டீயை நீட்டினாள் மனைவி. "இந்த நாட்டுல பெருமையாச் சொல்லிக்க என்னங்க இருக்கு? வெளிநாடு மாதிரி வருமா?"

பூட்டுக்காரருக்கு எங்கோ சுருக்கென்றது.

"கரெக்டாச் சொன்னீங்கம்மா" என்றார் டாக்டர். "நான் இருந்த ஊர்ல ஒரு தடவை வீட்டுத் தோட்டத்துக்கே நரி வந்துடுச்சு. பேப்பர்லயே போட்டாங்க!"

"நரியா! கேட்டீங்களாங்க? நரியாம்! நமக்கு இப்படிச் சொல்லிக்க ஒண்ணாவது இருக்கா?"

பூட்டுக்காரர் பல்லைக் கடித்தார். கடித்த சத்தம் தொழில்முறையில் டாக்டருக்குக் கேட்டது.

"அதுக்கெல்லாம் அங்கே ஜனங்களுக்குத் தைரியம் ஜாஸ்திம்மா."

"இங்கே தைரியத்துக்கு எங்கே போறது? இங்கே உள்ளவங்க பல்லியைப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுவாங்க."

"யாரு ஏறுவாங்க?" பூட்டுக்காரர் எழுந்துவிட்டார். "நரி! பெரிய நரி! சார், இப்படி வாங்க!"

டாக்டரின் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனார். வாய்க்கால் கரையில் வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்துகொண்டிருந்தது முதலை.

"பதினோரு அடி சார்! நீங்க முப்பது வருஷமாப் பார்த்த பல்லு அத்தனையும் ஒரே வாயில இருக்கு, எண்ணிக்குங்க!"

திறந்த வாயைப் பார்த்து டாக்டர் பின்வாங்கியது அதுதான் முதல் தடவை.

"ஓடு உடைஞ்சிருக்கே, அது சிறுத்தை. ஜன்னல் புதுசா இருக்கே, அது கரடி. என் பைக்குள்ள நேத்து வந்தது நல்ல பாம்பு! போன மழையில தாய்ச் சிறுத்தை ஒண்ணு குட்டியைக் கவ்விக்கிட்டு மெயின் ரோட்டைத் தாண்டிச்சு. பஸ் டிரைவர் இன்ஜினை நிறுத்திட்டார். பின்னால நாற்பது வண்டி. மூணு தடவை போய் மூணு குட்டியையும் கொண்டு போய்ச் சேர்த்துச்சு சார். ஒருத்தன் ஹார்ன் அடிக்கலை. பள்ளிக்கூடத்துப் பசங்க மூச்சு விடலை. நானும் நனைஞ்சுக்கிட்டு அங்கேதான் நின்னேன். பயமான்னு கேளுங்க. பயம்தான்! பயந்துக்கிட்டேதான் அதுங்களுக்கு இடம் விடறோம். இது எங்க நாடு சார்!"

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்தது.

"ரொம்ப நல்ல நாடு" என்றார் டாக்டர். "நான் தூரத்துல இருந்தே நேசிச்சுக்கறேன்." வெள்ளை ஷூ சேறாவதைக்கூடப் பார்க்காமல் தெருவுக்கு ஓடினார்.

பூட்டுக்காரர் மார்பு ஏறி இறங்க நின்றார். மனைவியின் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"என்னமாப் பேசிட்டீங்க!"

"பேச்சு என்ன பேச்சு? முடிவு பண்ணிட்டேன். இந்த மண்ணை விட்டு நாம எங்கேயும் போகலை. நீ அழுதாலும் சரி, உங்க அண்ணன் கோபிச்சுக்கிட்டாலும் சரி!"

"உங்க இஷ்டம்ங்க."

அதே வேகத்தில் வாசலுக்குப் போனார், 'வீடு விற்பனைக்கு' என்று கேட்டில் அடித்திருந்த பலகையைத் தம் கையாலேயே பிடுங்கி எறிவதற்கு. அங்கே நாலு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

"போர்டு எங்கே?"

"கோழிக்கூட்டுக்குக் கதவு இல்லாம இருந்துச்சுங்க. காலையில எடுத்து அடிச்சிட்டேன்."

"டாக்டர் வர்றதுக்கு முன்னாடியேவா?"

"பின்னே? நீங்க பேச ஆரம்பிச்சா நேரமாயிடுமேன்னுதான்."