குளத்தை மறைத்த என் நேர்வரிசை

சோம்பேறியால் உலகத்துக்கு வரும் கேடு கொஞ்சம்தான். கேட்காமல் உதவி செய்கிறவனை நினைத்தால்தான் எனக்குப் பயம். ஏனென்றால் அவன் நான்தான்.

பல வருடம் ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவிக் கை வெளிறிப்போன காலம். சுவிஸில் லாங்கன்தால் ஊருக்கு வெளியே ஒரு பழைய மாளிகையின் பூங்காவில் தோட்ட வேலை கிடைத்தது. புயலில் விழுந்த மரங்களுக்குப் பதிலாக, பழைய வரைபடத்தின்படி புது மரங்கள் நட வேண்டும். பரீட்சார்த்த காலத்தில் நல்ல பேர் எடுத்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி கோப்பைதான். அதை நினைத்தாலே அழுகை வரும்.

கடைசி வாரம் தோட்டத் தலைவி புல்வெளியில் முளைக்குச்சிகளை அடித்து, "ஒவ்வொரு முளையிலும் ஒரு லிண்டன் மரம்" என்று டொச் மொழியில் சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போனார். முளைகள் ஒன்று அங்கே, ஒன்று இங்கே. யாழ்ப்பாணத்தில் ஒரு தென்னம்பிள்ளை கயிற்றை விட்டு ஒரு சாண் விலகினாலே, நட்டவன் ஒழுங்கையால் தலைநிமிர்ந்து போக முடியாது.

கூட வேலை செய்த சிவம் அண்ணையிடம் சொன்னேன்: "அண்ணை, மாடு மேய்ஞ்ச மாதிரிக் கிடக்கு. கயிறு பிடிச்சு நேராக்குவம்."

"சும்மா விடு தம்பி. அந்த மனுசி ஏதோ யோசிச்சுத்தான் அடிச்சிருக்கும்."

"நீங்கள் கயிற்றைப் பிடியுங்கோ."

பிடித்தார். (பாவம், என்னோடு வாதாட அவருக்குத் தெம்பில்லை.) பின்னேரம் மாளிகை வாசலுக்கு நேரெதிரே, ஆளுயரத்தையும் தாண்டிய லிண்டன் மரங்கள் பட்டாளம் மாதிரி நின்றன.

தலைவி வந்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தார். பிறகு, "யார் செய்தது?" என்றார். பாராட்டில் அண்ணைக்கும் பங்கு போய்விடுமோ என்று நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான். நான் மட்டும்தான்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். இந்தப் பூங்காவில் மரங்கள் தாமாக முளைத்தவை போலச் சிதறி நிற்க வேண்டுமாம். அந்த இடைவெளிகளால்தான் மாளிகையிலிருந்து குளம் தெரியுமாம். நான் குளத்துக்கு வேலி அடைத்துவிட்டேனாம்.

மழையில் எல்லாவற்றையும் கிளப்பி மறுபடி நட்டோம். அன்று பிடித்த முதுகு இன்னும் விடவில்லை.

வேலை நிரந்தரமாகவில்லை. ஆனாலும் தலைவி இரக்கப்பட்டு (தொல்லை விட்டால் போதும் என்றும் இருக்கலாம்) பக்கத்து ஊர் மயானத்தில் எனக்காகச் சொல்லிவிட்டார். இப்போது அங்கேதான் புல் வெட்டுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு என் மனைவி தொடங்கிவிடுவாள்:

"இவருக்கு ஏத்த இடம்தான். அங்க எல்லாரும் நேர்வரிசையிலதான் படுத்திருக்கினம். இவர் என்ன செய்தாலும் ஒருத்தரும் எழும்பி வந்து கதைக்கமாட்டினம்."