புகை விடாத வண்டி

பகலெல்லாம் அலுவலகத்தில் ஊரார் புகார். வீட்டுக்கு வந்தால் மனைவியின் புகார். குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் குந்தியிருந்த அந்த மனிதருக்கு, இரண்டுக்கும் நடுவே சொந்தமென்று இருந்தது ஒரே ஒரு சிகரெட். திரும்பும் வழியில் பாலத்தடியில், பக்கவாட்டு ஓரமாகக் காரை நிறுத்தி, ஜன்னலை ஏற்றிவிட்டு இழுப்பார். அந்தக் கொஞ்ச நேரம்தான் அவர் வாழ்ந்தது. மிச்ச நேரமெல்லாம் சும்மா இருந்தார், அவ்வளவுதான்.

"சட்டையில என்னங்க நாத்தம்?" என்பாள் மனைவி.

"இந்த ஓட்டை வண்டி கக்குற புகைதான். உள்ளேயே வந்துடுது."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பழைய கார் வாய் திறக்காமல் சுமந்தது.

அப்போதுதான் கார் விற்கும் மச்சான், மனைவியின் அண்ணன், வாரம் தவறாமல் வந்து காதில் ஓத ஆரம்பித்தார்.

"ஹைட்ரஜன் கார், மாப்ளே! எரிக்கிறதே கிடையாது. ஹைட்ரஜனும் காத்தும் சேந்து கரண்ட் ஆகுது. பின்னாடி சொட்டுறது வெறும் தண்ணி!"

மனைவி உதட்டைப் பிதுக்கினாள். "நமக்கு எதுக்குண்ணே? இவரால ஆகாது."

ஆகாதாம்! அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாங்கியே விட்டார். தெருவே வேடிக்கை பார்க்க, வண்டியின் பின்குழாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக் காட்டினார்.

"பாத்துக்குங்க! பொட்டுப் புகை கிடையாது. நாத்தம் கிடையாது. சத்தியம்!"

"சத்தியமெல்லாம் எதுக்குங்க," என்றாள் மனைவி. "நான் நம்பறேன்."

மறுநாள் மாலை, வழக்கம்போல் பாலத்தடி. வழக்கம்போல் சிகரெட். வீட்டு வாசலில் மனைவி மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க நாத்தம்?"

"இந்த வண்டி..." பழக்கதோஷத்தில் திறந்த வாய் பாதியில் நின்றது.

"வண்டிக்கு என்ன?"

"அதில்ல... ஹைட்ரஜன் போடப் போனேன். பக்கத்துல ஒருத்தன் சிகரெட் பிடிச்சுக்கிட்டு நின்னான்."

"ஹைட்ரஜன் பங்க்லயா? அப்புறமும் முழுசா வந்து நிக்கிறீங்களே!"

தவளை தன் வாயால் கெடும். இவர் கைக்குட்டையாலும் கெட்டார்.

"பஸ்ல அந்தப் பாலத்து மேலதான் நான் தினம் வர்றேன்," என்றாள் அவள். "வருஷக்கணக்கா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவருக்கு ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது. ஒரு சிகரெட். அதுகூடப் பொறுக்கவில்லை இவளுக்கு. அவளிடம் கத்தத் துணிவில்லாமல், அங்கே இல்லாத ஆள்மேல் பாய்ந்தார்.

"எல்லாம் உங்கண்ணனால வந்த வினை! அந்த மனுஷன் பேச்சைக் கேட்டேன் பாரு!"

"அவரை எதுக்குத் திட்டறீங்க?" மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை உருவிக்கொண்டாள். "வாராவாரம் அவரை வரச் சொன்னதே நான்தான்."