தையல்கடை வளைவில் ஒரு கேமரா

திங்கட்கிழமை காலை, தையல்கடை வளைவிலிருந்த தெருவிளக்குக் கம்பத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரொட்டி வேன்காரர் பிரேக்கை மிதித்தார்.

வேகமாகப் போனதற்காக ஏற்கெனவே இரண்டு தடவை பெரிய சாலைக் கேமராக்களில் மாட்டியவர் அவர். மூன்றாவது தடவை மாட்டினால் லைசென்ஸ் போகும். லைசென்ஸ் போனால் வேலையும் போகும்.

தையல்கடை அவர் மனைவியுடையது. நேரே உள்ளே போய்ப் புலம்பினார்.

"மெதுவா போங்களேன், அவ்வளவுதானே," என்றாள் அவள், ஊசியில் நூல் கோத்தபடி.

போனார். கைத்தடி ஊன்றி நடந்த ஒரு பெரியவர் வேனை முந்திக்கொண்டு போகும் அளவுக்கு மெதுவாகப் போனார். பின்னால் ஏழு வண்டிகள் ஹாரன் அடித்தன. கடைகளுக்கு ரொட்டி ஆறிப்போய்ச் சேர்ந்தது.

பேக்கரி முதலாளி போனில் பிடித்துக்கொண்டார். "ரொட்டி கொண்டு போறியா, ஊர்வலம் போறியா? போதாக்குறைக்கு பிஸ்கட் டின் ஒண்ணைக் காணோம். வண்டியில தேடிப் பாரு."

மறுநாள் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். சந்தின் அகலமும் வேனின் அகலமும் ஒத்துப்போகவில்லை. இரண்டு சுவர்களுக்கு நடுவே சிக்கி, கதவைத் திறக்க முடியாமல், ரொட்டிகளின் மேல் தவழ்ந்து பின்வழியாக வெளியே வந்தார்.

மூன்றாம் நாள் அவருக்கு மூளை வேலை செய்தது. ஓட்டினால்தானே கேமரா பிடிக்கும்? எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, பின்னால் நின்று தள்ளினார். வளைவுக்கு முன்னால் சாலை இறக்கம் என்பது அந்த மூளைக்கு எட்டவில்லை.

வேன் அவர் கையை விட்டுக் கிளம்பியது. அவரே ஓட்டாத வேகத்தில் கேமராவைத் தாண்டி, தையல்கடைக்கு எதிரே கொட்டியிருந்த மணலில் முட்டி நின்றது. நல்லவேளை, சாலையில் ஈ காக்கை இல்லை.

"போச்சு," என்று மனைவியின் முன்னால் உட்கார்ந்தார். "ஆளே இல்லாம ஓடின வண்டியைப் படம் புடிச்சிருக்கும். லைசென்ஸோட விடமாட்டாங்க, உள்ளேயே தூக்கிப் போட்டுடுவாங்க."

"ஒண்ணும் வராது, விடுங்க."

"உனக்கென்ன தெரியும்? படம் ஆபீசுக்குப் போறதுக்குள்ள அந்தப் பெட்டியைக் கழட்டிடுறேன்."

"வேணாங்க. சொன்னா கேளுங்க."

அவர் என்றைக்குக் கேட்டார்? ஏணியைச் சாத்தி ஏறிவிட்டார். மனுஷன் விழுந்து தொலைப்பாரே என்ற பயத்தில் அவள் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசித் திருகாணி கழலும்போது கீழே ஒரு குரல் கேட்டது. "மேலே என்ன வேலை?"

போக்குவரத்துக் காவலர். வேன்காரர் சட்டென்று திரும்பினார். பெட்டி நழுவித் தரையில் விழுந்து வாயைத் திறந்தது.

உள்ளே கேமரா இல்லை. ஒரு சைக்கிள் விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. சாம்பல் பெயின்ட் உரிந்த இடத்தில் அவருடைய பேக்கரியின் பெயர் தெரிந்தது.

"ஐயா, இது உங்க கேமரா இல்லையா?"

"நாங்க எங்கே வெச்சோம்? பிள்ளைங்க ரோட்டைக் கடக்குற இடம், ஒரு வேன் தினமும் பறக்குது, கேமரா வைங்கன்னு மூணு தடவை மனு வந்துச்சு. வண்டி நம்பரைக்கூட எழுதியிருந்தாங்க." காவலர் மணலில் நின்ற வேனின் நம்பரைப் பார்த்தார். பிறகு ஏணியின் அடியைப் பார்த்தார். "மனு கொடுத்தது, இதோ உங்க ஏணியைப் புடிச்சிட்டு நிக்கிறாங்களே, இந்த அம்மாதான்."