முனியாண்டிக்கு எண்ணெய் எடுத்த கதை

சீயக்காய் போட்டுத் தேய்த்தும் முனியாண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லோகேஸ்வரனின் கைதான் முழங்கை வரைக்கும் கறுத்துப் போனது.

"எண்ணெய் தண்ணியில கரையுமாய்யா?" என்றார் பூசாரி முருகையா, மரத்தடியில் சௌகரியமாக உட்கார்ந்தபடி.

"முன்னாலயே சொல்லக் கூடாதா மாமா?"

"கோயில் தலைவரு நீ. நான் சொன்னா கேப்பியா?"

கெர்லிங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் ஆலமரத்தடியில் நிற்கிற சாமி அது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக ஊற்றிய நல்லெண்ணெய் கற்பூரப் புகையோடு சேர்ந்து இறுகி, இடுப்பு உயரத்துக்குக் கன்னங்கரேலென்று வளர்ந்திருந்தது. உள்ளே இருப்பது கல்லா மண்ணா என்று உயிரோடு இருக்கிற யாரும் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

வீடு கட்ட வந்த கம்பெனியின் அதிகாரிக்குத் தோன்றிவிட்டது. நூறு வருஷத்துக் கல் என்று கண்ணில் காட்டினால் கோயிலுக்கு இடம் விடுவதைப் பற்றிப் பேசலாம்; வெறும் எண்ணெய்க் கட்டி என்றால் லோரியில் ஏற்றிவிடுவோம் என்றார். சனிக்கிழமை காலையில் வந்து பார்ப்பாராம்.

லோகேஸ்வரன் ராவாங் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லயத்தை இடித்தபோது வாயை மூடிக்கொண்டு நின்றவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை மூடியபோதும் அப்படியே. மிச்சம் இருப்பது முனியாண்டி ஒருவர்தான். அவரையும் விட்டுக்கொடுத்தால் செத்துப்போன அப்பாவின் படத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியாது என்று அவனுக்கு உறுத்தியது. அதனால் அடுப்பை மூட்டி அண்டாவில் தண்ணீர் காய்ச்சினான்.

சுடுதண்ணீர் வேலை செய்தது. மேல் எண்ணெய் இளகியது. இளகிய கையோடு, அதில் பதித்திருந்த வெள்ளிக் கண்கள் மெல்ல வழுக்கி நெஞ்சுக்கு இறங்கின.

"அய்யோ, சாமியக் குருடாக்கிட்டியே தம்பி!" என்று தினமும் விளக்கேற்றுகிற நல்லம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்களை எடுத்து அவசரமாக ஒட்டினான். ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் அமைந்துவிட்டது. முனியாண்டி அவனை ஏளனமாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மண்ணெண்ணெய். துணியை நனைத்துச் சாமியைச் சுற்றிக் கட்டி, அடியில் தட்டு வைத்தான். எண்ணெய் கறுப்பாகச் சொட்டியது. சாயங்காலம் துணியைப் பிரித்தபோது மூக்கும் கூடவே வந்துவிட்டது.

"மூக்குக்குள்ள கல்லு இருக்கா?" என்று முருகையா எட்டிப் பார்த்தார்.

"இல்ல மாமா. மூக்கு முழுக்க எண்ணெய்தான்."

தட்டில் வடிந்ததை நல்லம்மாள் போத்தலில் பிடித்துக்கொண்டு போய் முட்டியில் தேய்த்தாள். காலைக்குள் முட்டி இரண்டும் கொப்புளித்தன. முனியாண்டி கோபித்துக்கொண்டார் என்று கெர்லிங் முழுக்கப் பேச்சு. கோபத்தைத் தணிக்கச் சனங்கள் திரண்டு வந்து, லோகேஸ்வரன் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, போத்தல் போத்தலாகப் புது எண்ணெய் ஊற்றிவிட்டுப் போனார்கள். அவன் இறக்கியதைவிட அது அதிகம். ஊருக்கு நல்லது செய்கிறவனுக்கு ஊர் செய்கிற மரியாதை எப்போதும் இதுதான்.

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது விமலன் வந்தான். கம்பெனிக்கு நிலம் அளக்கிற சர்வேயர். பல வாரமாக அளவு முக்காலியும் பாராங் கத்தியுமாக லாலாங் புல் காட்டைக் கிளறிக்கொண்டிருக்கிறவன். வேலை செய்வது கம்பெனிக்கு என்றாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மரத்தடிக்கு வருவான். முகம் வாடியிருந்தது.

"என்னாச்சு தம்பி?"

"தேடுறது கெடைக்க மாட்டேங்குதுண்ணே. போஸ் தெனம் ஏசுறாரு. வேல போயிடும் போல."

லோகேஸ்வரனுக்கு இரக்கமாக இருந்தது. "முனியாண்டிகிட்டக் கேளுலா. மனசார கேட்டா கண்ணுல காட்டிடுவாரு."

விமலன் கற்பூரம் கொளுத்திக் கண்ணை மூடி நெடுநேரம் நின்றான். அந்தப் பக்கம் புல்டோசர் ஒன்று பல வாரமாகச் சும்மா கிடந்தது. சாமிதான் அதைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்பது நல்லம்மாளின் கட்சி. லோகேஸ்வரன் அதற்குச் சிரித்தான்.

கடைசியாக, பெயிண்டில் கலக்கிற தின்னரை டின் டின்னாக வாங்கி வந்தான். பழைய துணிகளை ஊறப்போட்டுச் சாமியைப் போர்த்தி, ஆவி போகாமல் பிளாஸ்டிக்கால் கட்டினான். துணி கறுத்ததும் மாற்றினான். மாற்ற மாற்ற எண்ணெய் இறங்கிக்கொண்டே இருந்தது. முனியாண்டி இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தார், தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தார்.

"இப்படியே போனா சாமியே இருக்காதுய்யா," என்றார் முருகையா. அவர் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

சனிக்கிழமை காலை கடைசித் துணியைப் பிரித்தான். கல்! சதுரமாகச் செதுக்கிய கருங்கல். நெற்றியில் ஒரு நேர்க்கோடு, கீழே இரண்டு ஆங்கில எழுத்து, அதற்கும் கீழே 1911.

"மாமா! வெள்ளக்காரன் காலத்துக் கல்லு! வருஷமே போட்டிருக்கு!"

முருகையா கும்பிட்டார். நல்லம்மாள் கட்டுப்போட்ட முட்டியோடு குலவையிட்டாள். லோகேஸ்வரன் அழுதேவிட்டான். வாழ்க்கையில் ஒருமுறையாவது ஜெயித்தோம் என்று இருந்தது.

அதிகாரி வந்தார். குனிந்து பார்த்தார். எழுத்தை விரலால் தடவினார். முகம் மலர்ந்துபோய் லோகேஸ்வரனின் கறுத்த கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். பிறகு தள்ளிப்போய் யாருக்கோ போன் போட்டார்.

"இடம் குடுத்துடுவாரு மாமா," என்றான் லோகேஸ்வரன்.

பின்னாலேயே வந்த விமலன் கல்லைப் பார்த்தான். செருப்பை உதறிவிட்டு ஓடிவந்து சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்தபோது அவன் கண்ணிலும் தண்ணீர். அந்தப் பக்கம் புல்டோசர் உறுமிக்கொண்டு கிளம்பியது.

"நீங்க சொன்ன மாதிரியே கண்ணுல காட்டிட்டாருண்ணே! தோட்டத்து எல்லக்கல்லு இதுதான். இது கெடைக்காமத்தான் இத்தன நாளா எல்ல தெரியாம இந்தப் பக்கம் ஒண்ணையும் இடிக்க முடியாம கெடந்தோம்!"